கேட்டார், கேட்கவில்லை

அரியலூரிலிருந்து திருமானூர் போகும் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் எதற்காக இப்படி ஹாரன் அடிக்கின்றன என்று மருதாயிக்குத் தெரியாது. அவை அடிப்பதே அவளுக்குத் தெரியாது. காது போய் ஏழு வருடம் ஆகிறது.

வயது அறுபத்தெட்டு. கணவர் இல்லை. ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மருதாயிக்கு இருந்தது நாலு ஆடு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் மேய்ச்சல். ஆக, ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்த ரோட்டைக் கடந்தாக வேண்டும்.

2001 தை மாதம் ஒருநாள் கடைசியாக வந்த ஆட்டை லாரி அடித்துவிட்டது. மருதாயி திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தாள். டிரைவர் இறங்கி ஓடிவந்து முன்னால் நின்று கத்தினான்.

"ஏ கெழவி, நீ என்ன செவிடா? அரை மைலா அடிச்சிக்கிட்டு வரேன்!"

மருதாயி அவன் வாயையே பார்த்தாள். "கெடாயா? ஆமாப்பா, ஒண்ணு கெடா. மத்ததெல்லாம் பொட்டை" என்றாள்.

ரோட்டோரத்தில் பங்சர் கடை வைத்திருக்கும் கொளஞ்சி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரன். மருதாயியைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவான், அதாவது தோளைத் தொட்டுக் கூப்பிடுவான். செத்த ஆட்டை ஓரத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு மனைவி தனத்திடம் சொன்னான்: "அடுத்த தடவ ஆடு போகாது தனம். பெரியம்மாதான் போவும். ஒரு காது மிசினு வாங்கிக் குடுத்துடணும்."

அந்த மாதம்தான் அரியலூர் தனி மாவட்டம் ஆகியிருந்தது. புது மாவட்டத்தோடு கூடவே 'மூத்தோர் செவிநல ஒருங்கிணைப்பு மையம்' என்று ஒன்றும் முளைத்திருந்தது. அரசாங்கமா என்றால் அரசாங்கம் மாதிரி இருக்கும். தனியாரா என்றால் தனியார் மாதிரி இருக்கும். திட்டுவதற்கு யாரும் கையில் சிக்காத மாதிரி ஒரு அமைப்பு. வயதானவர்களுக்கு இலவசமாகக் காது மிஷின் தருவார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் தட்டி வைத்திருந்தார்கள்.

கொளஞ்சி கடையைச் சாத்திவிட்டுப் போனான். மையத்தின் வாசலில் 'அமைதி காக்கவும்' என்று பெரிய போர்டு. உள்ளே பதிவாளர் புவனேஸ்வரி உட்கார்ந்திருந்தார்.

"மிசினு யாருக்குங்க? ஒங்களுக்கா?"

"இல்லம்மா, எங்க பெரியம்மாவுக்கு."

"அப்ப அவுங்கதான் வந்து கேக்கணும். அடுத்தவங்க கேட்டா நாங்க குடுக்க முடியாது. ரூல்சு."

மறுநாள் மருதாயியைக் கூட்டிக்கொண்டு போனான். புவனேஸ்வரி ஃபாரத்தை எடுத்தார்.

"ஒங்க பேரு?"

"மோரா?" என்றாள் மருதாயி. "ஆட்டுக்கு ஏது தாயி மோரு?"

"பேரு, பேரு! சரி, வயசு?"

"பஸ்ஸா? ஒரே பஸ்ஸுதான். நின்னுக்கிட்டே வந்தோம்."

கொளஞ்சி அவள் காதருகே குனிந்து அடித்தொண்டையில் கத்தினான். உள்ளறையிலிருந்து பியூன் ஓடிவந்து போர்டைக் காட்டினான். "இது செவிநல மையம்யா. சத்தம் போடக் கூடாது."

பேரையும் வயதையும் ரேசன் கார்டைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஆனால் என்ன வேண்டும் என்பதை மனுதாரர் தன் வாயால்தான் கேட்க வேண்டுமாம். கொளஞ்சி காதைத் தொட்டுக் காட்டினான். கையால் லாரி ஸ்டீரிங்கைத் திருப்பிக் காட்டினான். மருதாயிக்கு விளங்கிவிட்டது. அந்தக் கட்டிடமே அதிரும்படி கேட்டாள்.

"காது மிசினு குடுங்க தாயி! லாரிக்காரன் ஒருநாளு என்னைய அடிச்சிப் போட்டுருவான்!"

புவனேஸ்வரிக்குத் திருப்தி. ஒன்பதாம் கலத்தில் 'மனுதாரர் கேட்டாரா?' என்ற கேள்விக்கு எதிரே அழகான கையெழுத்தில் எழுதினார்: கேட்டார்.

ஆடி மாதம் முகாம் நடந்தது. பந்தலுக்குள் எழுபது பேர். கூட வந்தவர்களையெல்லாம் கயிறு கட்டி வெளியே நிறுத்திவிட்டார்கள். மேடையில் மாலை போட்ட நாற்காலியில் ஒருங்கிணைப்பாளர் நடராசன். அவருக்கு மைக் என்றால் உயிர். தண்ணீர் வேண்டுமென்றாலும் மைக்கில்தான் கேட்பார்.

பயனாளிகள் பட்டியலை எடுத்து மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று தடவை கூப்பிட வேண்டும் என்பது விதி. விதியை அவர் மீறவில்லை. பந்தலில் யாரும் அசையவில்லை. சிலர் மேடையைப் பார்த்துச் சிரித்த முகமாகக் கும்பிட்டார்கள். எழுபது பெயருக்கு எதிரிலும் புவனேஸ்வரி 'வரவில்லை' என்று எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

நடராசன் கொஞ்சம் யோசித்தார். "சரி, பட்டியல் கெடக்கட்டும். நாம மனிதாபிமானத்தோட நடந்துக்குவோம். இங்க வந்திருக்கிறவங்கள்ல யார் யாருக்குக் காது கேக்கலையோ, அவங்க மட்டும் கையத் தூக்குங்க" என்று மைக்கில் சொன்னார்.

எழுபது பேரில் ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. கயிற்றுக்கு வெளியே கொளஞ்சி மட்டும் தூக்கினான்.

"ஒங்களுக்குக் காது கேக்காதா?"

"கேக்கும் சார்."

"அப்பறம் ஏன் தூக்குறீங்க?"

"எங்க பெரியம்மாவுக்காகத் தூக்குறேன் சார். அந்தா, மூணாவது வரிசையில ஒக்காந்திருக்கு."

"அவுங்க ஏன் தூக்கல?"

"நீங்க தூக்கச் சொன்னது அதுக்குக் கேக்கல சார்."

"கேக்கலன்னா தூக்க வேண்டியதுதான?"

கொளஞ்சி கையை இறக்கினான். வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தான். எங்கே தப்பு என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நடராசன் நிறைவுரை ஆற்றினார். "பெருமக்களே! நம்ம மாவட்டத்துல காது கேக்காத முதியவர் எத்தன பேருன்னு ஒரு கணக்கெடுப்பு இன்னிக்கு ஒங்க முன்னாலயே நடந்துச்சு. ஒருத்தர்கூட இல்ல! மையம் தொடங்கி ஆறே மாசத்துல இந்தச் சாதனை. இதுக்கு மேல இந்த மாவட்டத்துக்கு நான் என்ன செய்ய முடியும்?" கயிற்றுக்கு வெளியே நின்றவர்கள் யாரும் கை தட்டவில்லை. அவர் கையை அசைத்ததைப் பார்த்து முடிந்துவிட்டது என்று நினைத்து, பந்தலுக்குள் இருந்த எழுபது பேரும் கை தட்டினார்கள்.

மிஷின்கள் பெட்டி பிரிக்காமல் திரும்பிப் போயின.

கொளஞ்சி சும்மா இருக்கவில்லை. மனு என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதிப் போட்டான். புரட்டாசியில் பதில் வந்தது. 'தங்கள் மனுவின் ஒன்பதாம் கலத்தில் மனுதாரர் கேட்டார் எனப் பதிவாகியுள்ளது. கேட்கும் திறன் உள்ளவருக்குச் செவித்துணைக் கருவி வழங்க விதிகளில் இடமில்லை.'

கடிதத்தோடு ஓடினான். "அம்மா, நீங்க எழுதுனது மிசினு வேணும்னு கேட்டாங்கன்னு. மேல இருக்கவங்க காது கேட்டுச்சுன்னு நெனச்சிட்டாங்க. கொஞ்சம் மாத்திக் குடுங்கம்மா."

புவனேஸ்வரி நல்லவர்தான். தன் எழுத்தால் ஒரு ஏழைக்குக் கெடுதல் வரக் கூடாது என்று உடனே அடித்துத் திருத்தினார்: கேட்கவில்லை. பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டார்.

மார்கழியில் அடுத்த பதில் வந்தது. 'மனுதாரர் கேட்கவில்லை எனத் திருத்தப்பட்ட படிவத்திலிருந்து தெரியவருகிறது. கேட்காத ஒருவருக்கு வலிந்து கருவி வழங்க இயலாது. மேலும், கேட்காத ஒன்றுக்காக மையத்தின் நேரத்தை வீணாக்க வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறது.'

கொளஞ்சி அதை இரண்டு தடவை படித்தான். பிறகு கடைக்குள் போய், பழைய மொபெட்டிலிருந்து கழற்றிப் போட்டிருந்த கண்ணாடி ஒன்றைத் தேடி எடுத்தான். மருதாயி ஆடு ஓட்டும் கோலின் நுனியில் அதை டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினான். கோலைத் தோளில் சாய்த்துப் பிடித்தால் பின்னால் வருவது தெரியும். தலையைத் திருப்ப வேண்டியதில்லை.

மருதாயி நடந்து பார்த்தாள். கண்ணாடியில் ஒரு லாரி குட்டியாகத் தெரிந்து பெரிதாகி வந்தது. ஒதுங்கி நின்றாள். லாரி போனது.

"அட! முதுவுல கண்ணு வந்துட்டுடா கொளஞ்சி!" என்று கூவினாள்.

ஏழு வருடத்தில் அவளுக்கு யாராவது செய்த ஒரே சேவை அதுதான். அதற்கு மையமும் வேண்டியிருக்கவில்லை, ஃபாரமும் வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் கோல் முதுகுக்குத்தான் உதவும், ரோட்டு வளைவில் திடீரென்று திரும்பி வரும் லாரிக்கு உதவாது. மிஷின் மிஷின்தானே என்று கொளஞ்சி சித்திரையில் மறுபடியும் அரியலூருக்குப் போனான். அங்கே மையம் இல்லை. பூட்டு தொங்கியது. மாவட்டம் இல்லாமல் போயிருந்தது. அரியலூரைத் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்களாம். மையமும் மூட்டை கட்டிக்கொண்டு பெரம்பலூர் போயிருந்தது. 'அமைதி காக்கவும்' போர்டை மட்டும் மறக்காமல் எடுத்துப் போயிருந்தார்கள்.

பஸ் மாறிப் பெரம்பலூர் போனான். அதே நடராசன், அதே மாலை போட்ட நாற்காலி. கொளஞ்சி இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"சார், இதுல கேட்டதால கெடையாதுங்குறீங்க. இதுல கேக்காததால கெடையாதுங்குறீங்க. பெரியம்மா நெசமா என்னதான் சார் செய்யணும்?"

நடராசன் இரண்டையும் படித்தார். முகம் மலர்ந்தது. "நல்ல பாயிண்டப் புடிச்சிருக்கீங்க. இதுல ஒரு மொழிச் சிக்கல் இருக்கு. அவசரப்பட்டு மிசின குடுத்துட்டா சிக்கல் தீராமலே போயிரும். ஒரு குழு போட்டுருவோம்."

'கேட்டல் பொருள் தெளிவுறு குழு' அப்படித்தான் பிறந்தது. தலைவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் புலவர் அய்யம்பெருமாள். குழு நான்கு தடவை கூடியது. நான்கு தடவையும் உளுந்த வடையும் டீயும் வந்தன. ஐந்தாவது மாதம் புலவர் பதினாறு பக்கத்தில் அறிக்கை கொடுத்தார். அதை நடராசன் கொளஞ்சிக்கு வாசித்தே காட்டினார்.

"கேள் என்னும் சொல் வினவுதல், செவிமடுத்தல் ஆகிய இரு பொருள் தரும். இது யாவரும் அறிந்தது. மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு. கேள் என்றால் உறவு. ஆகவே மனுதாரருக்குக் கேள் உண்டா இல்லையா என்பதை நேரில் சென்று ஆராய வேண்டும்."

"சார்," என்றான் கொளஞ்சி, "மிசினுக்கும் சொந்தக்காரங்களுக்கும் என்னா சார் சம்மந்தம்?"

"அதத்தான ஆராயப் போறோம்" என்றார் நடராசன்.

செப்டம்பர் கடைசியில் ஜீப் வந்தது. நடராசன், புலவர், ஒரு போட்டோகிராபர். ஜீப் டயர் பங்சர் ஆனதால் கொளஞ்சி கடை வாசலில்தான் நின்றது. கொளஞ்சி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மருதாயி மூன்று ஆட்டோடு எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தாள். தோளில் கோல். பின்னால் ஒரு லாரி வந்தது. கண்ணாடியில் பார்த்தாள், நின்றாள், லாரியை விட்டாள், கடந்தாள்.

புலவர் கேட்டார்: "அம்மா, தங்களுக்குக் கேள் உண்டா?"

"ஏளா?" என்றாள் மருதாயி. "ஏளு இல்ல சாமி, மூணுதான். ஒண்ண லாரி அடிச்சிட்டுது."

மகள் ஒருத்தி திருப்பூரில் இருப்பதாகத் தனம் சொன்னாள். புலவர் குறித்துக்கொண்டார்: கேள் உண்டு.

ஆனால் நடராசன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் கோலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு செஞ்சது இது?"

"நான்தான் சார். மிசினு வர்ற வரைக்கும்னு."

"பிரமாதம்! அக்டோபர் ஒண்ணாந்தேதி மூத்தோர் தினம். பெரம்பலூர்ல கண்காட்சி. இத வச்சே ஆகணும்." சொல்லிக்கொண்டே கோலை மருதாயியின் கையிலிருந்து வாங்கிவிட்டார். யாரோ பெரிய மனிதர் பார்க்கக் கேட்கிறார் என்று அவளும் சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

கொளஞ்சி பதறினான். "சார், சார், அது வெறும் கோலு இல்ல சார். அதான் அவுங்க காது."

"பத்து நாள்ல திரும்பி வந்துரும். எல்லாம் ஆபீஸ் முறைப்படிதான். ரசீது தரோம்." தந்தார்கள். 'கோல் ஒன்று, கண்ணாடியுடன்' என்று எழுதி முத்திரையும் குத்தியிருந்தது.

அன்றிலிருந்து கொளஞ்சியே காலையும் சாயங்காலமும் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்தி விட்டான். இன்னொரு கண்ணாடிக்கும் சொல்லி வைத்திருந்தான். அதற்குள் முப்பதாம் தேதி ஆள் வந்தது. நாளைக்கு விழாவில் கொளஞ்சிக்குப் பொன்னாடை, கட்டாயம் வர வேண்டும்.

"நான் போவல" என்றான் கொளஞ்சி.

"போயிட்டு வாங்க" என்றாள் தனம். "அந்தாளு மனசு குளுந்தா மிசினு வந்தாலும் வரும். பெரியம்மாவ நான் பாத்துக்குறேன்."

மருதாயியிடம் கையால் சொன்னான்: நாளைக்கு வேண்டாம், வீட்டிலேயே இரு. ஆடு மாதிரி இரண்டு விரலைக் கொம்பாக வைத்துக் காட்டி, ரோட்டைக் காட்டி, கையை விரித்தான். மருதாயி தலையை ஆட்டினாள். ஆட்டை ரோட்டுக்கு அந்தப் பக்கம் விரித்து மேய விடச் சொல்கிறான் என்று புரிந்துகொண்டாள்.

பெரம்பலூரில் மேடை. கோலைச் சிவப்பு வெல்வெட்டு மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். மேலே 'கண்ணாடிக் கோல்: மையத்தின் மகத்தான கண்டுபிடிப்பு' என்று எழுதியிருந்தது. கொளஞ்சிக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு நடராசன் மைக்கைப் பிடித்தார்.

"இவரு ஒரு சாதாரண பங்சர் கடைக்காரர். இவருக்குள்ள இப்படி ஒரு திறமை இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அதக் கொண்டாந்தது யாரு? நம்ம மையம்! நாங்க மட்டும் அந்தம்மாவுக்குக் கேட்ட ஒடனே மிசின குடுத்திருந்தா இந்தக் கோல் பொறந்திருக்குமா? சொல்லுங்க! நாங்க குடுக்காம இருந்ததாலதான இன்னிக்கு இது ஒலகத்துக்குக் கெடச்சிருக்கு! குடுக்காம இருக்குறதும் ஒரு சேவைதான் பெருமக்களே!"

கை தட்டினார்கள். பதினொன்றரை மணி இருக்கும்.

பதினொன்றரை மணிக்குத் தனம் அடுப்பில் உலை வைக்க உள்ளே போனாள். அவள் திரும்பி வருவதற்குள் மருதாயி ஆட்டை ஓட்டிக்கொண்டு ரோட்டில் ஏறிவிட்டாள். கையில் ஒரு வேப்பங்குச்சி. லாரி அடித்தது.

உயிர் போகவில்லை. தொடை எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. கொளஞ்சி பொன்னாடையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான். இனிமேல் நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். ஆடுகளைத் தனம் ஓட்டிப்போய்த் தன் வீட்டில் கட்டினாள்.

லாரி டிரைவர் வாக்குமூலம் கொடுத்தான். ஹாரன் அடித்தேன், அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை.

செய்தி தெரிந்து நடராசன் அந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை வாங்கிவரச் சொன்னார். படித்ததும் மேசையைத் தட்டினார். "இதத்தான்யா ரெண்டு வருசமாத் தேடுனோம்! மூணாம் மனுசன், நேர்ல பாத்த சாட்சி, எழுத்துமூலமாச் சொல்றான், கேக்கலன்னு. இதுல வினவுதலுக்கே வேலை இல்ல. இனிமே எந்தச் சந்தேகமும் கெடையாது." புவனேஸ்வரி அதை ஃபைலில் ஒட்டினார். ஒன்பதே நாளில் மிஷின் வந்துவிட்டது.

அதை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். நடராசன், புலவர், போட்டோகிராபர். காலைத் தூக்கிக் கட்டி மல்லாக்கப் படுத்திருந்த மருதாயியின் காதில் நடராசனே தன் கையால் மிஷினை மாட்டினார். பளிச்சென்று ஒரு வெளிச்சம். இன்னொரு பளிச்.

கொளஞ்சி குனிந்து மிஷினைத் திறந்து பார்த்தான்.

"சார், இதுல பேட்டரி இல்லையே."

"பேட்டரி வேற திட்டம். அடுத்த வருசம் வரும்."

"கோலு எங்க சார்? பத்து நாளு தாண்டிட்டே."

"கோலு மெட்ராஸ் கண்காட்சிக்குப் போயிருக்கு. பெரிய எடத்துல இருக்கு. கவலப்படாதீங்க."

மருதாயி இவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். நடராசனை அடையாளம் தெரிந்துவிட்டது. கையை நீட்டி ஏதோ சொன்னாள். வாயில் தண்ணீர் வற்றிப் போயிருந்ததால் குரல் எழும்பவில்லை.

"என்னா சொல்றாங்க?" என்றார் நடராசன்.

கொளஞ்சி அவரைப் பார்க்காமல் சொன்னான். "கோலக் கேக்குறாங்க."

"கேக்குறாங்களா!"

நடராசன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பதிவேட்டைப் பிரித்து, 'கருவி பொருத்திய பின் மனுதாரரின் நிலை' என்ற கலத்தில் எழுதினார்: கேட்கிறார்.

"எங்கோலக் குடு சாமி!" மருதாயி இப்போது வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

நடராசன் ஒரு கணம் யோசித்துவிட்டு, எழுதியதற்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தார்: நன்றாகக் கேட்கிறார்.